இடுப்பு மாஸ்டரின் இடது கை

என் அக்கா வீட்டுக்காரரை மைதானத்தில் நேருக்கு நேர் 'மாஸ்டர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'இடுப்பு மாஸ்டர்'. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். யார் வந்து எந்தக் குறையைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது இடுப்புதான். இந்தப் பட்டப்பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு, அவர் எலும்பு வைத்தியர் என்று நம்பி எங்கள் வீட்டு வாசலில் சுளுக்கோடு வந்து நின்றவர்களும் உண்டு. மாமா அவர்களையும் சும்மா அனுப்பமாட்டார். நிற்கவைத்து, திரும்பச் சொல்லி, பாதத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி, பாடமே நடத்திவிடுவார். வலியோடு வந்தவர்கள் வலியோடும் குழப்பத்தோடும் போவார்கள்.

நான் அந்த மைதானத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களுக்கு வாளியில் பந்து கொடுப்பது என் வேலை. கோல்ஃப் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: ஒரு சின்னப் பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடித்துவிட்டு, அடித்தது சரியில்லை என்று நாள் முழுக்க வருத்தப்படுவது. அதிலும் எங்களுடையது பயிற்சி மைதானம். கூரைக்குக் கீழே பச்சை விரிப்பில் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே பக்கம் அடிப்பார்கள். எதிரே புல்வெளியில் தூரத்தைக் காட்டும் பலகைகள், அதற்கும் அப்பால் உயரமான வலை. அடித்த பந்துகளைக் கம்பிக்கூண்டு போட்ட வண்டி ஒன்று பொறுக்கிக்கொண்டு வரும். கழுவி, மறுபடி வாளியில் போட்டு, மறுபடி நான் கொடுப்பேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். அம்மா அப்பா போன பிறகு பள்ளிக்கூடப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவள் நான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த வேலையையும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார், 'வாயாடி' என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். எனக்கு மனதில் பட்டதை அடக்கத் தெரியாது. அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம்தான்.

அவர் முதலில் அங்கே சேர்ந்தது பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டத்தான். படிக்கிற காலத்தில் வட்டெறிதலில் பெயர் வாங்கியவர். அந்தப் பெயரை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்துச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாராம். பந்து கடைசிப் பலகையைத் தாண்டி வலையில் போய் அடித்ததாம். அன்றோடு வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தன்னை மாஸ்டர் ஆக்கிவிட்டார்கள் என்பார். அதெல்லாம் கதை. அதற்குப் பிறகும் பல வருஷம் வண்டிதான் ஓட்டினார். வேலை முடிந்ததும் அடித்து அடித்துப் பழகி, பயிற்சியாளர் பரீட்சைகளில் தோற்று, திரும்ப எழுதி, அப்படித்தான் மாஸ்டர் ஆனார். மாமா தன் கதையைச் சொல்லும்போது கஷ்டப்பட்ட பகுதியை எல்லாம் விட்டுவிடுவார்.

அவர் அடிப்பதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆட்டத்தைப் பிடிக்காத நானே வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். பெரிய உடம்பு, ஆனால் அவசரமே இருக்காது. மட்டையைப் பின்னால் கொண்டுபோவது அவ்வளவு மெதுவாக இருக்கும். முதுகு முழுக்கப் பந்து போகும் திசைக்குத் திரும்பிவிடும். மட்டை மேலே போய் முடிவதற்கு முன்பே கீழே இடது பாதம் தரையை அழுத்தத் தொடங்கும். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை என்பார். பாதம் அழுத்தினால் இடுப்பு திரும்பும். இடுப்பு இழுத்தால் தோள் வரும். தோள் இழுத்தால் கை வரும். கடைசியில்தான் மட்டை வரும், வரும்போது கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும்.

"கையில என்ன சார் இருக்கு? கை வெறும் கயிறு," என்பார் புதிதாக வருகிறவர்களிடம். "ஈரத் துணியை உதறும்போது நுனியில 'படார்'னு கேக்குது இல்ல? நுனிக்கு யாரு பலம் குடுத்தா? இங்க, கீழ இருந்து வருது. நீங்க மட்டையைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சா அந்தப் பலம் வழியிலயே செத்துடும். விடுங்க. கையை மறந்துடுங்க."

கையை மறக்கச் சொன்ன மனிதனின் கையைத்தான் நோய் பிடித்தது. பிடித்த பிறகும் பல மாதம் எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாதது மட்டும் என்றால் பரவாயில்லை, அதைத் திறமை என்று நினைத்துக் கை தட்டினோம்.

அந்த நோய் தொடங்கிய வருஷம் ஒருநாள் காலையில் அவர் கவுண்டருக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"வாயாடி, வந்து பாரு. கை போயிடுச்சு!"

"எங்க போச்சு மாமா? ரெண்டும் இருக்கே."

"இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றேனே, கையை விடுங்கன்னு. எனக்கே இடது கை இறுக்கிப் பிடிக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு அதுவா விட்டுடுச்சு. வந்து பாரேன்!"

போய்ப் பார்த்தேன். பந்து வலையின் மேல்விளிம்பில் போய் மோதியது. அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கை தளர்ந்ததால்தான் பந்து அப்படிப் போனதா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. பிறகு டாக்டரும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களில் மாமா முகத்தில் இருந்த சந்தோஷம் நிஜம். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மனிதனுக்குத் தான் நினைத்தது கைகூடியது போல இருந்தது. வீட்டில் பாட்டுகூடப் பாடினார். அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

அக்கா திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவள். குள்ளம், ஒல்லி, பேச்சு குறைவு. எங்கள் வீட்டில் பேச்செல்லாம் நானும் மாமாவும்தான். அவள் கவனித்துக்கொண்டே இருப்பாள். அவர் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவியதை அவள்தான் முதலில் கவனித்தாள். பிறகு ஒரு தட்டு. பிறகு சட்டைப் பித்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றார்.

"என்னங்க, கைக்கு என்ன?"

"கைக்கு லீவு விட்டிருக்கேன்," என்று சிரித்தார்.

"லீவு மைதானத்துலயா, வீட்டுலயா? இருக்கிறதே நாலு கோப்பை."

அதற்கும் சிரித்தார். தன் கை அடிக்கும்போது இறுகாமல் இருக்கப் பழகிவிட்டது, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அக்காவுக்கு விளக்கம் வேறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே நம்பினேன்.

பிறகு பந்து கீழே வரத் தொடங்கியது. முதலில் வலையைத் தொடவில்லை. அப்புறம் கடைசிப் பலகையைத் தாண்டவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நடுப்பலகைக்கு வந்து நின்றது. தடுக்கி விழுந்தால் தரையைக் குறை சொல்லாமல் தன் நடையைத் திருத்துகிற ஆள் அவர். ஆகவே மட்டையைச் சுழற்றும் விதத்தைத் திருத்தினார். இடது பாதத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்த்தார். பந்தை ஒரு விரல் தள்ளி வைத்தார். செல்போனை முக்காலியில் நிறுத்திப் படம் எடுத்து, சாப்பிடும்போதுகூட அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தார். மட்டையின் பிடிக்குக் கீழே டேப் சுற்றிப் பருமனாக்கினார். பருமனான பிடி பரவாயில்லை என்று தோன்றவே இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மைதானத்தில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அங்கே வருகிற எவரும் இன்னொருவர் அடிப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. தலை ஆடுகிறது என்றார் ஒருவர். முழங்கால் மடக்கியது பத்தவில்லை என்றார் இன்னொருவர். வயசாச்சு மாஸ்டர் என்றார், அவரைவிடப் பத்து வயது மூத்தவர். இதில் உச்சம், நரம்பு டாக்டர் சொன்னதுதான்.

சனிக்கிழமைதோறும் மாமாவிடம் பாடம் கேட்க வருவார் அந்த டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய்களுக்கு அவர்தான் பெரியவர். நல்ல மனிதர், ஆனால் பந்தை அடிக்கத் தொடங்கினால் உலகம் தெரியாது. மாமா அவருக்குப் பின்னால் நின்று இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, "இந்த மடிப்பைக் கடைசி வரை விடாதீங்க" என்று சொல்லிக்கொடுப்பார். மணிக்கட்டு மடங்கியிருக்கும் வரை பலம் உள்ளே இருக்கும். பந்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அது அவிழ வேண்டும், முன்னாலேயே அவிழ்ந்தால் காற்றைத்தான் அடிப்போம். இதுதான் அந்தப் பாடம். அந்த டாக்டர் ஒரு சனிக்கிழமை, மாமா அடிப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாணவனுக்கு ஆசிரியரின் தப்பு கிடைத்த சந்தோஷத்தில் கத்தினார்.

"மாஸ்டர், கண்டுபிடிச்சுட்டேன்! உங்க இடது மணிக்கட்டு சீக்கிரம் அவிழ்ந்துடுது!"

மாமா மட்டையை இறக்கி யோசித்தார். "கரெக்ட் சார். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தே எனக்கு வந்துடுச்சு போல," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில், கதவுக் கைப்பிடியில் துண்டைக் கட்டி, மணிக்கட்டை மடக்கி இழுத்து இழுத்துப் பழகினார். கதவு கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அக்கா தையலை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்," என்றாள் ஒருநாள்.

"காட்டிட்டேனே. அவருதான் சொன்னாரு, மணிக்கட்டுன்னு."

அவள் மறுபடி தையலை எடுத்துக்கொண்டாள்.

மட்டை பறந்தது அதற்கடுத்த மாதம். சனிக்கிழமை, நல்ல கூட்டம். டாக்டருக்கு அடித்துக் காட்டுவதற்காகப் பெரிய மட்டையை எடுத்தார். மெதுவாகப் பின்னால் போனார், பாதம் அழுத்தியது, இடுப்பு திரும்பியது, எல்லாம் முன்பு போலவே அழகாக இருந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டை கையை விட்டுக் கழன்று, சுழன்றுகொண்டே போய்ப் புல்வெளி நடுவில் விழுந்தது. பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு. கையுறை வியர்வையில் வழுக்கினால் யாருக்கும் நடக்கிறதுதான். நானும் கவுண்டரிலிருந்தே, "மாமா, பந்தைத்தான் அடிக்கணும், மட்டையை இல்ல!" என்று கத்தினேன். அவரும் சிரித்துக்கொண்டே, இடது கையில் போட்டிருந்த தோல் உறையைப் பல்லால் கடித்துக் கழற்றி உதறினார்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்கு மட்டும்தான் உறை போடுவார்கள், வலக்கைக்காரர்கள் இடது கையில். வெயிலே படாததால் அந்தக் கை மட்டும் வெளுத்து, வேறு யாருடையதோ போல இருக்கும். அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மாமாவின் இடது கை வெளுத்துச் சின்னதாகத் தெரிவதை வீட்டில் நாங்கள் எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறோம். ஆகவே அது நிஜமாகவே சின்னதாகிப் போனதை நாங்கள் பார்க்கவில்லை. மைதானத்தில் உறைக்குள் இருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் அப்போதுதான் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "மாஸ்டர், கையைக் காட்டுங்க," என்றார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. டாக்டர் அந்தக் குழியைத் தடவினார். முழங்கைப் பக்கம் சட்டையை மேலே தள்ளினார். தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஏதோ நெளிவது போல. மாமா அதைக் குனிந்து பார்த்து, "இது கொஞ்ச நாளா இருக்கு சார், களைப்பு," என்றார். டாக்டர் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். போகும்போது தன் மட்டைப் பையை மறந்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதைக்குள் மின்சாரம் பார்த்தார்கள். கழுத்தைப் படம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேஜையில் ஒரு கோல்ஃப் பந்து காகிதத்தின் மேல் பாரமாக இருந்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு கருகிக்கொண்டே வரும் நோய். சேதி வராத தசை கரைந்துபோகும். கையில் ஆரம்பித்திருக்கிறது, கையோடு நிற்காது.

மாமா முன்னால் சாய்ந்து கவனமாகக் கேட்டார். தன் மாணவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று நினைப்பாரோ அப்படி. "சரி சார். இதுக்கு என்ன பயிற்சி?"

"பயிற்சி இல்ல மாஸ்டர்."

"சொல்லுங்க சார். எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் பண்ணிடுவேன்."

"பண்ணறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார் டாக்டர். "வாராவாரம் அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. நான் என் பந்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா சார்?"

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த மேஜைப் பந்தை எடுத்து அவர் கண்ணாடி ஜன்னலில் எறிய வேண்டும் போல இருந்தது. மாறியிருக்காது என்றால், கண்ணில் பட்டிருந்தாலும் படாவிட்டாலும் ஒன்றுதான் என்றால், நாங்கள் யார் மேல் கோபப்படுவது? வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தானே விட்டுச்சு," என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகும் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். அடித்துக் காட்ட முடியாது, ஆகவே வாயால் காட்டினார். வலது கையும் தளர்ந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தலையசைத்துச் சொல்லிக்கொடுத்தார். பழையவர்கள் வந்தார்கள். புதியவர்கள், அடிக்கத் தெரியாத மாஸ்டரிடம் எதற்கு என்று அடுத்த விரிப்புக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார் மாமா. நான் குறை சொன்னேன். அவர்களுக்கு வாளியில் விரிசல் விட்ட பந்தாகப் பார்த்துப் போட்டேன். பிறகு கால் தடுமாறத் தொடங்கியது. தரையை அழுத்துகிற அந்த இடது பாதம் தூக்கினால் தொங்கியது. ஒருநாள் மைதானப் படியில் விழுந்து நெற்றி கிழிந்தது. அதோடு வீட்டில் உட்கார்ந்தார்.

டாக்டர் சனிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. மைதானத்துக்குப் பதில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்தான் ஒருமுறை அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், நீங்கள் தனியாகத் தூக்கினால் உங்கள் முதுகு போய்விடும் என்று சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. அவர் போனதும் மாமா அக்காவைக் கூப்பிட்டார். அப்போதே பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

"என்னை வெளிய விட்டுடாதே," என்றார். "வேற எதுவும் கேக்கல."

"யாரு விடறா?" என்றாள் அக்கா.

சொல்வது சுலபம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு. நான் மைதானத்துக்குப் போன பிறகு எல்லாம் அவள் ஒருத்திதான். முதல் தடவை அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்தபோது இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். நான் வந்து பார்க்கும்போது அப்படியே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, அவர் தலை இவள் மடியில் இருக்க, கிடந்தார்கள். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மறுநாள் அக்காவால் குனிய முடியவில்லை. தூக்க முடியாவிட்டால் அவர் அந்த இடத்துக்குப் போக வேண்டியதுதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா பாடம் எடுத்தார்.

"கையால தூக்காதே," என்றார் குழறலாக. "கை... வெறும் கயிறு."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு," என்றேன் நான்.

"உங்க பாடத்தை உங்க டாக்டருக்கு வெச்சுக்கங்க," என்றாள் அக்கா. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் மட்டையைத் தொட்டதில்லை. அவர் கெஞ்சிக் கூப்பிட்டபோதெல்லாம் தையல் இருக்கிறது என்றிருக்கிறாள். ஆனால் அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து, அவர் முன்னால் வந்து நின்றாள். "சரி, சொல்லுங்க."

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பாதத்தைத் தள்ளி வை. முழங்காலை மடக்கு. என்னைக் கட்டிப் பிடி, இறுக்காதே. இப்போது தூக்காதே, தரையைத் தள்ளு. வலது காலிலிருந்து இடது காலுக்குப் போ. இடுப்பு திரும்பட்டும், நான் பின்னாலேயே வருவேன். அவள் தள்ளினாள். அவர் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பி, திரும்ப விழுந்தார். "தோள் முந்திடுச்சு," என்றார். இன்னொரு தடவை. "இன்னும் கையில இருக்கு பலம்." இன்னொரு தடவை. அக்கா வியர்த்து, கூந்தல் அவிழ்ந்து, "வாழ்க்கை முழுக்க இப்படித்தான் எல்லாரையும் வதைச்சீங்களா?" என்றாள். மாமா சிரித்தார். அந்த நோய் வந்த பிறகு சிரிப்பு அடங்க நேரமாகும், சிரித்துக்கொண்டே இருந்தார்.

வாரங்கள் போகப் போக அது அவளுக்கு வந்தது. முதலில் நாற்காலி வரை. பிறகு குளியலறை. பாதம், முழங்கால், தள்ளு, திரும்பு. தடுமாற்றம் குறைந்தது. மூச்சு வாங்குவது குறைந்தது. டாக்டர் ஒரு சனிக்கிழமை வந்தபோது, அவர் கண் முன்னாலேயே அக்கா மாமாவைக் கட்டிலிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தாள், அலமாரியில் துணி வைப்பது போல. டாக்டர் அசந்துபோய், "எனக்கே இன்னும் இடுப்பு இப்படி வரல," என்றார். மாமாவின் முகத்தில், வலையில் பந்து மோதிய காலத்துச் சந்தோஷம். எழுத்துக்கள் எழுதிய பலகையைக் கண்ணால் காட்டி, நான் அதில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போக, வேண்டிய எழுத்து வந்ததும் இமையை மூடி, ஒரு வாக்கியம் சொன்னார்: நான் சொல்லிக்கொடுத்ததிலேயே இவள்தான் சிறந்தவள். பேச்சு அதற்குள் போயிருந்தது. அக்கா வெட்கப்பட்டாள். நிஜமாகவே வெட்கப்பட்டாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். நான் லீவு போட்டேன். மாமாவைத் தூக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அந்தப் பாடத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றவள், காதில் போட்டுக்கொண்டதில்லை. பாதம் எங்கே வைக்க வேண்டும் என்று மறந்துபோயிற்று. பயத்தில், செய்யவே கூடாது என்று அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, வெறும் கையால் அக்குளில் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

அவர் வந்துவிட்டார். ஒரு தலையணையை எடுப்பது போல இருந்தது. நான் போட்ட பலத்துக்கு நானே பின்னால் சாய்ந்தேன். என் கைக்குள் சட்டை இருந்தது, எலும்பு இருந்தது. வட்டெறிந்த அந்தப் பெரிய உடம்பு எங்கேயும் இல்லை. யார் வேண்டுமானாலும் தூக்கலாம். எப்படி வேண்டுமானாலும் தூக்கலாம்.

அவரை நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பாயில் படுத்திருந்த அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது தெரிந்த விஷயம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்பது அவள் பார்வையிலேயே இருந்தது. தினமும் தூக்குகிறவளுக்குத் தெரியாதா? என் வாய் திறந்துவிட்டது. அவள் காய்ச்சலோடு விரலை உதட்டில் வைத்தாள். அவ்வளவுதான். என் ஆயுளில் முதல் தடவையாக வாயை மூடினேன்.

மாமா எழுத்துப் பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டேன். நீயும் கற்றுக்கொண்டாயா, என்று கேட்டார்.

"நீங்க சொல்லிக் குடுத்து வராம இருக்குமா மாமா?" என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டதும் அக்காவே எழுந்து வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கட்டிலுக்கு முன்னால் நின்று, பாதத்தைத் தள்ளி வைத்தாள். முழங்காலை மடக்கினாள். அவரைக் கட்டிப் பிடித்தாள். நிதானமாகத் தரையைத் தள்ளி, வலது காலிலிருந்து இடது காலுக்குப் போய், திரும்பி, நாற்காலியில் இறக்கினாள். இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிறவள் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அம்மாடி," என்றாள். "என்னா கனம் கனக்கறாரு இந்த மனுஷன்!"